நந்தவனத் தெருத் தண்ணீர்

வெள்ளூரணியில் ஊரணி இருந்ததாக ஊர்ப்பெயர் சொல்கிறது, நந்தவனத் தெருவில் நந்தவனம் இருந்ததாகத் தெருப்பெயர் சொல்கிறது, இரண்டையும் பார்த்தவர்கள் யாரும் இப்போது இல்லை. இருப்பதெல்லாம் கரிசல் மண்ணும், ஒரே வரிசையில் எட்டு வீடுகளும், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இடுப்பளவு குழி தோண்டி அதற்குள் இறக்கி வைத்த ஒரு குழாயும்தான். அந்தக் குழாயில் தண்ணீர் எட்டு நாளுக்கு ஒரு தடவையும் வரும், பதினைந்து நாளுக்கு ஒரு தடவையும் வரும், விடியலிலும் வரும், உச்சி வெயிலிலும் வரும், சொல்லிவிட்டு மட்டும் வராது. முதலில் குழாய் இருமும். பிறகு நீளமாகப் பெருமூச்சு விடும், வெறும் காற்று. பிறகு இரண்டு வாய் செந்தண்ணி துப்பும். அதற்குப் பிறகுதான் நுரை, நுரைக்குப் பிறகு தண்ணீர். இருமலுக்கும் தண்ணீருக்கும் இடையில் குழிக்குள் இறங்கிக் குடத்தை வைத்துவிட்ட வீட்டுக்கு நாலு குடம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால், இருமலைக் கேட்கிற காதுக்கு அந்தத் தெருவில் மரியாதை அதிகம்.

அந்தக் காது வேலுத்தாயினுடையது.

அவள் கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்த முதல் வாரத்தில், ஊரெல்லாம் திருவிழா மேளத்தில் அதிர்ந்துகொண்டிருந்தபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்த இலையிலிருந்து தலையைத் தூக்கி, "குழாய் இருமுது" என்றாள், யாரும் நம்பவில்லை, எச்சில் கையோடு எழுந்துபோய்க் குடத்தை வைத்தாள், தண்ணீர் வந்தது. அன்றிலிருந்து தெரு தூங்கியது, வேலுத்தாய் தூங்கவில்லை. படுத்தால் வலது காது மேலே இருக்கும்படி படுத்தாள். டிவியில் சத்தத்தைக் குறைத்துவிட்டு உதடுகளைப் பார்த்தே நாடகம் பார்த்தாள். மிக்சியை நிறுத்தி நிறுத்தி ஓட்டினாள். இருமல் கேட்டதும் தெருவில் இறங்கி, "வந்துட்டுதூ" என்று கடைசி எழுத்தை இழுத்து ஒரே ஒரு சொல் கத்துவாள். அவள் வாழ்க்கையில் கத்திய சொல் அது ஒன்றுதான், பிரசவத்தில்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவள். மகளுக்குத் தாலி கட்டுகிற நேரத்தில், கெட்டிமேளத்துக்கு நடுவில், மண்டபத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருமல் கேட்டது. கையிலிருந்த அட்சதையைப் பக்கத்தில் நின்றவள் கையில் கொட்டிவிட்டு ஓடினாள். கல்யாண வீடியோவில் தாலி ஏறும்போது அம்மா நிற்க வேண்டிய இடத்தில் ஒரு மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருக்கும். மகள் அதை யாருக்குப் போட்டுக் காட்டினாலும் அந்த இடம் வந்ததும் நிறுத்தி, "இந்தா பாருங்க, எங்கம்மா" என்று மின்விசிறியைக் காட்டுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். வேலுத்தாயும் சிரிப்பாள்.

தண்ணீர் இப்படி வந்ததால் அந்தப் பக்கத்தில் குடங்கள் நிறைய விற்றன. வெண்முத்து பிளாஸ்டிக் கம்பெனியின் குடங்களையும் வாளிகளையும் மூடிபோட்ட டிரம்களையும் வீடு வீடாக விற்கும் ஏஜென்டுகளாக நந்தவனத் தெருப் பெண்கள் எட்டுப் பேரும் சேர்ந்திருந்தார்கள். அந்த வருஷம் மழையும் பொய்த்தது, தெருவுக்குத் தெரு தண்ணீர் விடுகிற முறையும் தள்ளித் தள்ளிப் போனது, ஆகவே மாநிலத்திலேயே அதிகம் குடம் விற்ற குழு என்று நந்தவனத் தெருவுக்குப் பரிசு வந்தது: பாங்காக் நகரத்துக்கு நான்கு நாள் சுற்றுலா, பொழுதுபோக்குப் பூங்கா உட்பட. பரிசு கொடுக்க வந்த மேனேஜர் ஒவ்வொருத்தியிடமும் அங்கே என்ன ஆசை என்று மைக்கை நீட்டினார். குழுத் தலைவி சீனியம்மாள் யானை சவாரி என்றாள். புதிதாகக் கல்யாணமாகி வந்த மாரீஸ்வரி தலைகீழாகச் சுற்றுகிற ரயில் என்றாள். மைக் வேலுத்தாயிடம் வந்தது.

"காதைக் கழத்தி வச்சிட்டு ஒரு நாள் இருக்கணும்" என்றாள்.

மேனேஜருக்குப் புரியவில்லை. தெருவுக்குப் புரிந்தது, புரிந்ததும் பயம் வந்தது, எட்டுப் பேரும் போய்விட்டால் தண்ணீரை யார் பிடிப்பது? ஆம்பளைகளை நம்புவதற்கு இல்லை. கடைசியில் வேலுத்தாயின் ஓரகத்தி பாக்கியம், மூத்தவர் பெண்சாதி, தனக்கு ஏரோப்பிளேன் என்றால் வயிற்றைக் கலக்கும் என்று சொன்னாள். கலக்குமோ கலக்காதோ, சொன்னாள். பாக்கியத்தின் தூக்கம் அந்த வட்டாரத்தில் பேர்போனது. பக்கத்து வீட்டுச் சுவர் இடிந்து விழுந்த அன்றைக்கு அவள் புரண்டுகூடப் படுக்கவில்லை.

"செவிடன் காதுல சங்கு ஊதுன கதையாப் போயிரும்ட்டி" என்றாள் சீனியம்மாள்.

"போங்கட்டி போங்க. நீங்க போயிட்டு வாங்க. எட்டு வீட்டுத் தண்ணியும் நான் பிடிப்பேன். ஒரு சொட்டு மண்ணுல விழுந்தா என் பேரு பாக்கியம் இல்லை" என்று அவள் எல்லோர் குடங்களையும் தன் வாசலில் அடுக்கி வைத்துக்கொண்டாள். ஏழு பேர் புறப்பட்டார்கள்.

பாங்காக்கில் அவர்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் கீழக்கரைக்காரர் நைனா முகம்மது, ரத்தினக் கல் வியாபாரத்துக்கு வந்து, கல்லை விட்டுவிட்டு மனிதர்களைச் சுற்றிக்காட்டத் தொடங்கி வருஷங்கள் ஆனவர். அவர் காட்டியதையெல்லாம் அவர்கள் பார்த்தார்கள்: நகரத்தின் நடுவே அகலமாகப் போகிற ஆற்றை, தெருக்களைப்போல் ஓடுகிற கால்வாய்களை, வாசலில் தட்டு நிறையச் சோறும் பூவும் சிவப்பு சோடாவும் படைத்திருந்த காவல் தெய்வத்தின் குட்டி வீடுகளை. ஆனால் யாராலும் ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. ஓட்டல் அறையில் குழாயைத் திறந்தால் இருமாமல், மூச்சு விடாமல், நேராகத் தண்ணீர் வந்தது. அது நிற்கவே இல்லை. நிற்காத தண்ணீரை எப்போது நம்புவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. முதல் நாள் சாயங்காலமே ஏழு பேரும் தனித்தனியாக, ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்ளாமல், குளிக்கிற தொட்டியை நிரப்பினார்கள், பிறகு குப்பைக்கூடையை, பிறகு பல்விளக்கும் தம்ளர்களை, டீ போடும் கெட்டிலை, மூடியுள்ள எல்லாவற்றையும். காலையில் அறை சுத்தம் செய்ய வந்த பெண் அதையெல்லாம் பார்த்தாள், கொட்டினாள், போனாள். சாயங்காலம் மறுபடியும் நிரம்பியிருந்தது. மறுநாள் அவள் கொட்டவில்லை. கைகூப்பிக் கும்பிட்டுவிட்டு, எங்கிருந்தோ இரண்டு வாளிகள் கொண்டுவந்து அறை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

வேலுத்தாய்க்குத்தான் ரொம்பக் கஷ்டம். காதைக் கழற்றி வைக்க வந்தவள், காது புதுச் சத்தங்களில் அலைந்து அலைந்து களைத்துப் போவதைப் பார்த்தாள். லிஃப்ட் மூச்சு விட்டால் தலையைத் தூக்கினாள். பஸ்ஸின் பிரேக் பெருமூச்சுக்குப் பாதி எழுந்து நின்றாள். கால்வாய்ப் படகில் யாரோ இருமியதும், "எங்க?" என்றாள்.

"என்னம்மா எங்க?" என்றார் நைனா.

"ஒண்ணுமில்லண்ணே. பழக்கம்."

மூன்றாம் நாள் பூங்காவுக்குப் போனார்கள். நகரத்துக்கு வெளியே, காட்டுப் பரப்புக்கு அரண்மனை மாதிரி வாசல் கட்டி, உள்ளே மலையும் கோட்டையும் ராட்சதக் காளான்களும் செய்து வைத்திருந்தார்கள். எங்கு பார்த்தாலும் ஏதோ ஒன்று மனிதர்களைத் தூக்கிக்கொண்டுபோய் மேலேயிருந்து கீழே விட்டது, விடப்பட்டவர்கள் சிரித்துக்கொண்டே இறங்கி வந்து மறுபடியும் வரிசையில் நின்றார்கள். மாரீஸ்வரி தலைகீழ் ரயிலில் இரண்டு தடவை போய்விட்டு வந்து காளானடியில் வாந்தி எடுத்தாள், மூன்றாவது தடவைக்குக் கூப்பிட்டாள். வேலுத்தாய் எதிலும் ஏறவில்லை, ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு நகர்ந்தாள். கடைசியில் மரக்கட்டைப் படகின் முன்னால்தான் நின்றாள். சிமென்ட் வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறது, குடைந்த மரம்போல் செய்த படகில் ஆட்கள் உட்காருகிறார்கள், படகு மலைக்குள் போய் மெல்ல மெல்ல உச்சிக்கு ஏறி, அங்கே கொஞ்சம் யோசித்து, அப்படியே கீழே விழுகிறது. விழும்போது எழுந்த தண்ணீர் பனையுயரத்துக்குப் போய், பாதை முழுக்க நனைத்து, சாக்கடையில் இறங்கி ஓடியது. அந்த ஓசை அங்கே வேறு எந்த ஓசையும் இல்லாதபடி செய்தது.

"நான் இதுல போறேன்" என்றாள் வேலுத்தாய்.

எல்லோரும் போவது என்று ஆனது. பூங்காவில் விற்ற மஞ்சள் ரெயின்கோட்டைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வரிசை வளைந்து வளைந்து போனது. சீனியம்மாள் குழாயடியில் செங்கல் வைப்பதுபோல் தன் கைப்பையை இடத்துக்கு அடையாளமாகத் தரையில் வைத்துவிட்டு நிழலுக்குப் போனாள். காவலுக்கு நின்றவர் பையைத் தூக்கிக்கொண்டு வந்து இரண்டு கையாலும் மரியாதையாக அவளிடம் கொடுத்தார். அவள் மறுபடி வைத்தாள். அவர் மறுபடி கொண்டுவந்தார்.

"இங்க அப்படியெல்லாம் இல்லம்மா. ஆள்தான் நிக்கணும்" என்றார் நைனா.

"ஆளே நிக்கணும்னா அப்புறம் என்னண்ணே ஊரு" என்று சீனியம்மாள் அலுத்துக்கொண்டாள்.

"மதினி, இது குழாயடியில நின்ன கால். சும்மா நில்லுங்க" என்றாள் மாரீஸ்வரி.

வேலுத்தாய் முன்னால் நின்றாள். படகில் ஏறுகிற பலகை வாசலில் சீருடை போட்ட பெண் ஒருத்தி, நோக் என்று சட்டையில் எழுதியிருப்பதாக நைனா படித்துச் சொன்னார், படகுகளைப் பிடித்து நிறுத்தி ஆட்களை ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு படகு போனால் வேலுத்தாயின் முறை. அப்போது வாய்க்காலில் தண்ணீர் இறங்கியது. படகுகள் சிமென்ட் தரையில் தட்டி உட்கார்ந்தன. ஒலிபெருக்கியில் இனிமையான குரலில் ஏதோ சொன்னார்கள். வரிசை பொறுமையாக நின்றது.

செயற்கை மலைக்குள்ளிருந்து இருமல் கேட்டது.

வேலுத்தாய்க்கு அது எந்த இருமல் என்பதில் ஒரு கணமும் சந்தேகம் வரவில்லை. பெற்ற பிள்ளையின் இருமலை ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துக் கேட்டாலும் தெரியுமல்லவா, அப்படி. பிறகு நீளமான பெருமூச்சு வந்தது. நந்தவனத் தெருக் குழாய் பெருமூச்சின் கடைசியில் ஒரு சின்ன விசில் அடிக்கும், அந்த விசிலும் இருந்தது. வாய்க்காலில் இரண்டு வாய் செந்தண்ணி விழுந்தது. துருவும் பிளீச்சிங் பவுடரும் அடியில் கொஞ்சம் பாசியும் கலந்த வாசனை பலகை வாசல்வரைக்கும் வந்தது.

அவள் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். திரும்பிப் பார்த்தாள். சீனியம்மாள் பையைக் கக்கத்தில் இடுக்கியபடி காவலரை முறைத்துக்கொண்டிருந்தாள், மாரீஸ்வரி படம் எடுத்துக்கொண்டிருந்தாள், யாருக்கும் கேட்கவில்லை. கேட்டவள் தான் ஒருத்திதான், எப்போதும்போல. வாய்வரைக்கும் வந்த சொல்லை விழுங்கினாள். தொண்டையில் அது முள்போல் நின்றது. நுரை வந்தது, நுரைக்குப் பின்னால் தண்ணீர் வந்தது, படகுகள் மெல்ல அசைந்தன, முன்னால் இருந்த இரண்டும் போயின, நோக் அவளைப் பார்த்துச் சிரித்து, வாருங்கள் என்று கையை நீட்டினாள். ஒரு காலைத் தூக்கிப் படகில் வைத்தால் போதும். ஒரே ஒரு தடவை. மகள் கல்யாணத்தை விட்டு ஓடியவள் இதை விட்டு ஓடாமல் இருக்கலாம்.

சீனியம்மாளின் போன் அடித்தது. வாட்ஸ்அப்பில் பாக்கியம். ஸ்பீக்கரில் போடாமலே அவள் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"மேலத்தெருவுக்கு வந்துட்டுது. கீழத்தெருவுக்கு வந்துட்டுது. நம்ம தெருவுல மட்டும் காத்துகூட வரலை. பதினஞ்சு நாள் ஆச்சுட்டி. நான் தூங்கலை. எங்க அய்யா மேல சத்தியமாத் தூங்கலை, கயித்துக் கட்டிலைக் குழிப்பக்கமே போட்டு உக்காந்துக்கிட்டிருக்கேன். நான் தூங்கிட்டேன், தண்ணி வந்து போயிருச்சுன்னு உங்க வீட்டு ஆம்பளைக எல்லாம் வாசல்ல நின்னு பேசுறாங்க. நான் என்ன செய்ய?"

வேலுத்தாய் படகுப் பக்கம் நீட்டியிருந்த காலை எடுத்தாள்.

"மதினி" என்றாள். "அது இங்க வந்திருக்கு."

"எது?"

"நம்ம முறை."

சீனியம்மாள் மூக்கை உறிஞ்சினாள். குனிந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டுக் கொப்பளித்தாள். பிறகு அவள் போட்ட சத்தத்தில் தலைகீழ் ரயிலில் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தத் தண்ணீர் கடலைத் தாண்டி எப்படி வந்தது என்று அவர்களில் ஒருத்தியும் கேட்கவில்லை; முறை என்றால் வரும், எங்கே வரும் எப்போது வரும் என்பது யாருக்குத் தெரியும்? முதல் குடம் யாருக்கு என்பதில்தான் சண்டை வந்தது. போன முறை மேற்குக் கோடியில் ஆரம்பித்ததால் இந்த முறை கிழக்குக் கோடி என்றாள் ஒருத்தி. வெளியூரில் அந்தக் கணக்கு செல்லாது என்றாள் இன்னொருத்தி. பாப்கார்ன் விற்ற பெரிய டப்பாக்களை வாங்கி, பாப்கார்னை முந்தானையில் கொட்டிக்கொண்டு, டப்பாவைத் தண்ணீரில் அமுக்கினார்கள். மஞ்சள் ரெயின்கோட்டைக் கழற்றிக் கைகளை முடிச்சுப் போட்டுப் பையாக்கினார்கள். வாத்து வடிவ மக்குகள், பொம்மைத் தொப்பிகள், யாரோ ஒரு குழந்தையின் தள்ளுவண்டிக் கூரை என்று கிடைத்ததிலெல்லாம் பிடித்தார்கள். பூங்காக்காரர்கள் ஓடிவந்தார்கள், நைனா ஏதோ எடுத்துச் சொன்னார், அவர்கள் கேட்டுத் தலையசைத்து, கயிறு கட்டி, படகுக்கு ஒரு வரிசை, தண்ணீருக்கு ஒரு வரிசை என்று பிரித்தார்கள். தண்ணீர் வரிசையைப் பார்த்ததும் மற்ற ஊர்க்காரர்களும், அதில் கொடுப்பது எதுவாக இருந்தாலும் நல்லதாகத்தான் இருக்கும் என்று, பின்னால் வந்து நின்றார்கள். ஒரு தாய் தன் பிள்ளையின் தலையில் மூன்று சொட்டுத் தெளித்துக் கும்பிட்டாள். ஒரு கிழவர் பாட்டிலில் பிடித்து, கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு, அடியில் படிந்த சிவப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நோக் ஒரு கை அள்ளி முகர்ந்தாள். வேலுத்தாயைப் பார்த்து நிறையப் பேசினாள்.

"வடகிழக்குலேர்ந்து வந்த பொண்ணாம்" என்றார் நைனா. "அங்க பூமி காய்ஞ்ச பூமி. தண்ணி லாரியிலதான் வருமாம். கிட்டத்தட்ட இதே வாசனைதான், அங்க வைக்கோல் வாசம் சேர்ந்து வரும்ங்கறா. லாரி வர்ற சத்தத்தை எங்கிருந்தாலும் இவ அம்மாவுக்கு முன்னால இவதான் கேப்பாளாம். அதான் வேலைக்கு இங்க ஓடிவந்துட்டேன்னு சிரிக்கிறா."

வேலுத்தாய் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணின் காதைப் பார்த்தாள். சின்னக் காது, அதில் ஒரு சிவப்புக் கல்.

எல்லாம் நிரம்பியது. நிரம்பியதும் அதுவரை இருந்த பரபரப்பு போய் வேறொரு பரபரப்பு வந்தது. பாப்கார்ன் டப்பாக்களும் கட்டிய ரெயின்கோட்டுகளும் ராட்சதக் காளான்களின் கீழே வரிசையாக நின்றன. அவற்றைச் சுற்றி ஏழு பேரும் நின்றார்கள். அடுத்து என்ன என்று யாருக்கும் தெரியவில்லை.

"பிளைட்ல நூறு மில்லிக்கு மேல விடமாட்டான்" என்றாள் மாரீஸ்வரி.

"நூறு மில்லின்னா எவ்வளவுட்டி?"

"இருமல் மருந்து பாட்டில்."

சீனியம்மாள் உட்கார்ந்துவிட்டாள். அணைக்காத போனில் பாக்கியம் அழுதுகொண்டிருந்தாள். ஊரெல்லாம் தண்ணீர் பிடிக்கிற ஓசை நடுவில் தன் தெருக் குழாய் மட்டும் வாயைத் திறந்தபடி இருப்பதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். உன்னை மாதிரியே கத்திப் பார்த்தேன் வேலு, வந்துட்டுதூன்னு வராததுக்கே கத்திப் பார்த்தேன், சிரிக்கிறாங்க என்றாள். பிறகு அழுகை கோபமானது.

"எல்லாம் உன்னாலதான். போன இடத்துலயும் காதை வச்சுக்கிட்டு நிக்கிற. கேக்க ஆள் இருக்கிற இடத்துக்குத்தான அது வரும்? இங்க ஒருத்தி குழிக்குள்ள இறங்கி, தலையைக் குழாய்ல முட்டுக் கொடுத்து உக்காந்திருக்கேன், என்னை அது சீண்டுதா? காதைப் பொத்துட்டி! என் மானம் போகுது, காதைப் பொத்து!"

பாக்கியம் கோபத்தில் சொன்னதுதான், ஆனால் கேட்டதுமே அது சரி என்று எல்லோருக்கும் பட்டுவிட்டது. சீனியம்மாள் எழுந்தாள், வேலுத்தாயைப் பார்த்தாள், காளானடியில் நின்ற தண்ணீரைப் பார்த்தாள்.

"வந்ததைக் கொட்டணுமா?" என்றாள்.

நந்தவனத் தெருவில் தண்ணீரைக் கொட்டிய பெண் கிடையாது. அரிசி களைந்த தண்ணீர் செடிக்கு, குளித்த தண்ணீர் கக்கூஸுக்கு, துணி அலசிய கடைசித் தண்ணீர் வாசல் தெளிக்க. கொட்டுவது என்ற சொல்லே கோபத்தில் மட்டும் பேசுகிற சொல். அவர்கள் ஒவ்வொரு டப்பாவாகத் தூக்கினார்கள், வாய்க்கால் விளிம்பில் வைத்தார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு சாய்த்தார்கள். தண்ணீர் தண்ணீரில் விழுந்த சத்தம் அவர்களுக்கு வயிற்றில் கேட்டது. சீனியம்மாள் ஒரு சின்னப் பாட்டிலை மட்டும் முந்தானைக்குள் மறைத்தாள். மறுநாள் விமான நிலையத்தில் அதைத் தூக்கிப்போடச் சொன்னபோது, அதிகாரி முன்னாலேயே அண்ணாந்து ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் காலி பாட்டிலைக் கொடுக்கப்போகிறாள்.

வேலுத்தாய் காதைப் பொத்தினாள். கையைத் தாண்டிக் கேட்டது. நைனா பஞ்சு வாங்கி வந்தார். பஞ்சைத் தாண்டிக் கேட்டது. மாரீஸ்வரி தன் ஹெட்போனை மாட்டிவிட்டு ஊர்த்திருவிழாப் பாட்டை முழுச் சத்தத்தில் வைத்தாள். பாட்டுக்குக் கீழே, தவிலுக்கும் நாயனத்துக்கும் கீழே, தன் தெருவின் தண்ணீர் ஓடுவது தனியாக, தெளிவாகக் கேட்டது. இத்தனை வருஷமாகக் கேள் என்று வளர்த்த காது, கேட்காதே என்றால் கேட்குமா? வாய்க்கால் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. முறைத்தண்ணீர் நேரம் பார்த்து வருவதில்லை, ஆனால் நேரம் பார்த்து நிற்கும். ஊரில் தெருவுக்குத் தெரு வால்வைத் திறந்து அடைக்கிறவர் இந்நேரம் சைக்கிளை எடுத்திருப்பார்.

படகு விழுகிற இடத்தில் வேறு எந்த ஓசையும் இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

நோக்கிடம் போய் மேலே கையைக் காட்டினாள். நோக் கேள்வி கேட்கவில்லை. முதல் படகின் முன் இருக்கையில் அவளை உட்காரவைத்து, மடியில் கம்பியை இறக்கினாள். மற்றவர்கள் கரையில் நின்றார்கள். அவளோடு யாரும் ஏறவில்லை. ஏறலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

படகு மலைக்குள் போனது. உள்ளே இருட்டு, பிளாஸ்டிக் கொடிகள், கண்சிமிட்டும் ஒரு பொம்மை முதலை. அடியில் சங்கிலி கொக்கி போட்டு இழுக்க, படகு அண்ணாந்து ஏறத் தொடங்கியது. தண்ணீர் கூடவே பேசிக்கொண்டு வந்தது. அவள் அந்தப் பேச்சை அறிவாள்: மேற்கு வீட்டுக் குழியில் கொஞ்சம் கரகரப்பு, நாலாவது வீட்டில் குழாய் வளைவதால் ஒரு கொப்பளிப்பு, பாக்கியம் வீட்டில் எப்போதும் மெலிசு. உச்சியில் படகு நின்று யோசித்தது. அங்கிருந்து பூங்கா தெரிந்தது, பூங்காவுக்கு அந்தப் பக்கம் நகரம் தெரிந்தது, நகரம் முடிகிற இடம் தெரியவில்லை. கீழே, கையில் பிடித்த ரெயின்கோட்டுகளோடு, ஆறு மஞ்சள் புள்ளிகளாகத் தன் தெரு நின்றது. என் காதை விட்டால் நான் யார் என்று அவளுக்கு ஒரு நினைப்பு வந்து, அது முடிவதற்குள் படகு தலையைக் கவிழ்த்தது.

தொண்டையில் அதுவரை நின்ற முள் வெளியே வந்தது. அவள் கத்தினாள். அதில் சொல் இல்லை, யாரையும் எழுப்புவதற்கில்லை, எந்த வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டியதில்லை. பிரசவத்தில் கடித்த பல்லையும் கல்யாண மண்டபத்தில் ஓடிய ஓட்டத்தையும் சேர்த்துக் கத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறந்தமட்டும் திறந்து, மூச்சு இருந்தமட்டும் கத்தினாள். அந்தக் கத்தலுக்குள் தண்ணீர் இல்லை. பூங்கா இல்லை. காது என்று ஒன்று இல்லவே இல்லை.

படகு கீழே வந்து விழுந்தபோது தண்ணீர் எழும்பவில்லை. சிமென்டில் உரசி, கிறீச்சிட்டு, நின்றது. வாய்க்கால் காய்ந்து கிடந்தது. அடியில் கொஞ்சம் செந்துருவும் இரண்டு பாப்கார்னும் மட்டும் இருந்தன. வேலுத்தாயின் சேலையில் ஒரு சொட்டுக்கூடப் பட்டிருக்கவில்லை.

கரையில் சீனியம்மாள் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். போனுக்குள்ளிருந்து, கடலுக்கு அந்தப் பக்கமிருந்து, கரகரத்த, பழக்கமில்லாத, தூக்கத்துக்குப் பேர்போன ஒரு தொண்டை கடைசி எழுத்தை இழுத்துக் கத்தியது.

"வந்துட்டுதூ!"

அதன் பின்னால் குடங்கள் உருளும் சத்தம். ஆம்பளைகள் ஓடும் சத்தம். ஒரு சொட்டு மண்ணில் விழாமல் எட்டு வீட்டுக்கும் பிடித்ததாகவும், தண்ணீரில் கொஞ்சம் வெண்ணெய் வாசம் அடித்ததாகவும், மூன்றாவது குடத்தில் ஒரு மஞ்சள் தொப்பி வந்ததாகவும், அதைத் துவைத்துக் கொடியில் போட்டிருப்பதாகவும் பாக்கியம் பிற்பாடு சொன்னாள். "நான்தான் முதல்ல கேட்டேன்ட்டி, இருமுறதுக்கு முன்னாலயே கேட்டுட்டேன்" என்று அவள் அதையே பலதடவை சொன்னாள். வேலுத்தாய், சரிக்கா, சரிக்கா என்றாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் கழற்றி வைத்த காதை யாரோ எடுத்து மாட்டிக்கொண்டதுபோல் கொஞ்சம் வலித்தது. என்ன செய்வதென்று தெரியாமல் காதுமடலைத் தடவிக்கொண்டே நின்றாள்.

பூங்காக்காரர்கள் குழாய்களைப் பார்த்தார்கள், எதையோ திருகினார்கள், மன்னிப்புக் கேட்டார்கள். வரிசை அப்படியே நின்றது. கொஞ்ச நேரத்தில் வாய்க்காலில் மறுபடியும் தண்ணீர் ஏறியது. நனையாமல் போனது கணக்கில் வராது என்று நைனா வாதாடி, ஏழு பேரும் ஏறலாம் என்று ஆக்கினார்.

"வாங்க மதினி, இப்பச் சும்மா போவோம்" என்றாள் மாரீஸ்வரி. "கேக்கிறதுக்கு ஒண்ணுமில்லை."

வேலுத்தாய் முன் இருக்கையில் உட்கார்ந்தாள். உண்மையாகவே ஒன்றும் கேட்கவில்லை. காதுக்குள் வெயில் அடித்த முற்றம்போல் வெறுமையாக இருந்தது. தண்ணீர் படகைத் தூக்கியது. புதுத் தண்ணீர், சிவப்பு இல்லை, ஏதோ வைக்கோல்போல் ஒரு மெல்லிய வாசனை. இது எந்தத் தெருவின் முறையோ என்று நினைத்தபடி நிமிர்ந்தாள்.

மடியில் கம்பியை இறக்கவந்த நோக்கின் கை பாதியில் நின்றிருந்தது. அவள் தலை லேசாகத் தூக்கியிருந்தது. முகம் எங்கேயோ பார்க்க, சிவப்புக் கல் போட்ட அந்தச் சின்னக் காது மட்டும் மலைப்பக்கம் திரும்பியிருந்தது. உதடுகள் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மூடியிருந்தன.

வேலுத்தாய் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு படகில் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.